காஜி தகிய்யுத்தீனும் கடிகாரத்தின் சிறு நாக்கும்

ஜும்ஆவுக்கு நேரத்தோடு சென்று முன் வரிசையில் அமரும் வழக்கமுடையவரா நீங்கள்? அங்ஙனமாயின், முன்னாளில் பள்ளிவாசலின் அமைதியில் கேட்ட ஓர் ஓசை உங்கள் நினைவில் இன்னும் இருக்கக்கூடும். மோதினார் முக்காலி ஒன்றைப் போட்டு ஏறுவார். சுவரில் தொங்கும் பெண்டுலக் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறப்பார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, முகப்பிலுள்ள துளையில் செருகித் திருகுவார். கிர்ர், கிர்ர் என்று ஓசை எழும். ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு கிர்ர். இடையில் கை ஓய்ந்தாலும் சாவி பின்னே சுழன்றுவிடாது. ஐந்து வக்துக்கான ஜமாஅத் நேரங்களைக் காட்டும் மரமுட்கள் பொருத்திய பலகையோ பக்கத்தில் ஓசையின்றி இருக்கும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் வேலூரிலும் பிறந்து வளர்ந்த மூத்த தலைமுறையினர்க்கு இவ்வோசையை விவரிக்க வேண்டியதில்லை. இன்று அவ்விடத்தில் சிவப்பு எழுத்துகள் ஒளிரும் மின்பலகைகள் வந்துவிட்டன. அவை பேசுவதில்லை.

அந்தக் கிர்ர் ஓசை எதனால் எழுந்தது என்று நீங்கள் எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? கடிகாரத்தினுள்ளே எஃகு நாடாவைச் சுருட்டி வைத்த சுருள்வில் ஒன்று உண்டு. சாவி அதனை இறுக்குகிறது. இறுகிய வில் தளர விரும்பும்; தளரும்போது அது தரும் விசையே எட்டு நாளைக்குக் கடிகாரத்தை ஓட்டுகிறது. ஆனால் சாவியை விட்டவுடன் வில், தான் இறுக்கப்பட்ட வழியிலேயே திரும்பிச் சுழன்று நொடியில் தளர்ந்துவிட்டால் திருகியது வீணாகும். அதனைத் தடுப்பதற்காகச் சாவி பொருந்தும் தண்டின்மீது ஒரு பற்சக்கரம் வைத்திருப்பார்கள். அதன் பற்கள் ஏனைய சக்கரங்களின் பற்களைப் போன்றவை அல்ல. மரமறுக்கும் வாளின் பற்களைப் போல ஒருபுறம் சரிந்தும் மறுபுறம் செங்குத்தாகவும் இருப்பவை. அவற்றின்மேல் ஓர் உலோக நாக்கு படிந்திருக்கும். சிறு வில்லொன்று அதனைப் பற்களின்மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். சக்கரம் முன்னே சுழலும்போது நாக்கு சரிவின்மேல் ஏறி அடுத்த பள்ளத்தில் விழுகிறது; விழும் ஓசைதான் நாம் கேட்டது. சக்கரம் பின்னே சுழல முயலும்போது நாக்கின் நுனி செங்குத்துச் சுவரில் முட்டிக்கொள்ளும், சக்கரம் நின்றுவிடும். இவ்வளவுதான். இதற்கு ராட்செட் என்று பெயர்.

இதனை நீங்கள் அன்றாடம் பயன்படுத்தாமல் இருக்கவே முடியாது. மிதிப்பதை நிறுத்தியபின் மிதிவண்டி ஓடும்போது பின்சக்கரத்தில் கேட்கும் டிக் டிக் ஓசை, ஃப்ரீவீலுக்குள்ளிருக்கும் நாக்குகளின் ஓசையே. மிதிக்கும்போது வெளி வளையத்தின் பற்கள் நாக்குகளை உந்திச் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. மிதிக்காதபோது நாக்குகள் மடங்கிக் கொடுத்துப் பற்களின்மேல் தத்திச் செல்கின்றன. காரின் கைப்பிரேக்கை இழுக்கும்போதும், லாரியில் சரக்கின்மேல் போட்ட பட்டையை இறுக்கும்போதும் இதே ஓசைதான். நம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் கனத்த இயந்திரப் பகுதிகளைத் தூக்கிவைக்கும் செயின் பிளாக்கைப் பாருங்கள். ஒரு மனிதர் தம் கையாலேயே சங்கிலியை இழுத்து ஒரு டன் எடையை உயர்த்துகிறார். நடுவில் கையை எடுத்துவிட்டு முகம் துடைத்துக்கொள்கிறார். எடை அந்தரத்தில் அசையாது நிற்கிறது. உள்ளே நாக்கு பல்லைப் பிடித்திருக்கிறது. இறக்கும்போதுகூட அந்நாக்கு தன் பிடியை விடுவதில்லை. அதனோடு அமைந்த உராய்வுத் தட்டுகளின் இறுக்கம் மட்டுமே சிறிது சிறிதாகத் தளர்ந்து எடையை இறங்கவிடுகிறது. பல் தேய்ந்தால், நாக்கின் வில் தளர்ந்தால், கீழே நிற்பவனின் உயிர்க்கு உத்தரவாதமில்லை. ஆகவேதான் அனுபவமுள்ள மேஸ்திரி எடை தூக்குமுன் அந்த ஓசையைக் காதுகொடுத்துக் கேட்பார்.

இத்துணை எளிய பொருளுக்கும் வெள்ளிக்கிழமைப் பக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொழுகை, குறித்த நேரங்களில் கடமையாக்கப்பட்ட வணக்கம். அந்நேரங்களை அறியும் கலை முஸ்லிம் உலகில் தனியொரு கல்வியாகவே வளர்ந்தது. சுருள்வில்லாலும் எடையாலும் ஓடும் கடிகாரத்தை முதன்முதலாக அரபு மொழியில் நூலாக்கி விளக்கிய பெருமகனார், மார்க்கத் தீர்ப்பு வழங்கிய ஒரு காஜியாவார். அவர்தாம் தகிய்யுத்தீன் முஹம்மத் இப்னு மஃரூஃப் அஷ்ஷாமீ (ரஹ்) அவர்கள்.

அவர்கள் 1526ஆம் ஆண்டில் திமிஷ்க் நகரில் பிறந்ததாகப் பெரும்பாலோர் எழுதுகின்றனர். திமிஷ்க் என்னும் டமாஸ்கஸ் காலங்கணித்தலுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள உமய்யாப் பெரும்பள்ளியில் தொழுகை நேரங்களைக் கணித்துச் சொல்வதற்கென்றே முவக்கித் என்னும் பதவி இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் அப்பதவியில் வீற்றிருந்த இப்னு ஷாத்திர் (ரஹ்) அவர்கள் 1371இல் அப்பள்ளியின் மினாராவில் பளிங்கில் செதுக்கி நிறுவிய சூரியக் கடிகாரம் உலகப் புகழ் பெற்றது. அதே பள்ளியின் ஜைரூன் வாயிலில் அதற்கும் முன்பே பெரிய நீர்க்கடிகாரம் ஒன்று இயங்கியது. அதனைப் பழுது பார்த்த ரிள்வான் என்பார் 1203இல் அதைப்பற்றி நூலே எழுதிவைத்தார். அடுத்த சில ஆண்டுகளில், 1206இல், தியார்பக்கிர் நகரில் அல்ஜஸரீ (ரஹ்) அவர்கள் ஐம்பது பொறிகளை விளக்கும் தம் பெருநூலை முடித்தார்கள். இம்மரபின் நிழலில் வளர்ந்தவர் தகிய்யுத்தீன் அவர்கள்.

திமிஷ்கிலும் பின்னர் கெய்ரோவிலும் அவர்கள் மார்க்கக் கல்வியை நிறைவு செய்தார்கள். எகிப்தில் ஆசிரியராகவும் காஜியாகவும் பணியாற்றினார்கள். வழக்கு விசாரணையும் பாடம் நடத்துதலும் போக எஞ்சிய நேரத்தில் அவர்கள் மனம் கணிதத்திலும் பொறிகளிலும் ஆழ்ந்திருந்தது.

1551இல் அவர்கள் எழுதிய நூலொன்று பொறிகளைப் பற்றியது. அதில் இறைச்சி கோத்த கம்பி தானே சுழன்று வேகும் வழி ஒன்று சொல்லப்படுகிறது. கொதிக்கும் கலத்தின் குழாய் வழியே வெளிவரும் நீராவி, கம்பியின் முனையிலுள்ள சக்கரத்தின் இதழ்களில் மோதி அதனைச் சுழற்றும். விருந்தோம்பலுக்குப் பெயர்போன நம் ஆம்பூர்ச் சமையற்காரர்கள் இதனை அறிந்தால் புன்முறுவல் பூப்பார்கள்! ஆனால் அந்நூலின் மணிமகுடம் வேறொன்று. ஆற்று நீரை உயரத்துக்கு ஏற்றும் ஆறு உருளைப் பம்பு அது.

அதனைச் சற்று நின்று பார்ப்போம். ஏனெனில் நம் ஊர்த் தொழிலோடு அதற்கு உறவுண்டு. ஆற்றின் ஓட்டம் பெரிய சக்கரமொன்றைச் சுழற்றுகிறது. அச்சக்கரத்தின் நீண்ட தண்டில் ஆறு முட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. ஒவ்வொரு முட்டும் தன் முறை வரும்போது ஒரு நெம்புகோலை அழுத்த, நெம்புகோலின் மறுமுனை ஓர் உலக்கையை உருளைக்குள் மேலே தூக்குகிறது. உலக்கை எழும்போது கீழேயுள்ள மூடி திறந்து நீர் உள்ளே வருகிறது. முட்டு விலகியதும், உலக்கையின் தலையிலுள்ள ஈய எடை அதனைக் கீழே தள்ளுகிறது. உள்ளே வந்த நீர் வந்த வழியே திரும்ப இயலாதபடி கீழ்மூடி சாத்திக்கொள்ள, நீர் வேறொரு மூடியைத் திறந்துகொண்டு மேலேறும் குழாய்க்குள் பாய்கிறது. ஆறு உருளைகளும் முறைமாற்றி இயங்குவதால் நீர் விட்டுவிட்டுக் கொட்டாமல் இடையறாது ஏறும்.

உள்ளே விடு, வெளியே விடாதே. மேலே விடு, கீழே விடாதே. இது சக்கரத்தின் நாக்கு செய்யும் வேலையே அல்லவா? திடப்பொருளுக்கு நாக்கு எதுவோ அதுவே நீருக்கு வால்வு. நம் தெருக்களில் நின்ற கைப்பம்புகளில் அவ்வேலையைச் செய்தது ஒரு தோல் வாஷர். நீங்கள் கோடையில் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தால், வாஷர் தேய்ந்த பம்பை அடித்தடித்துக் கை வலித்தும் நீர் ஏறாத துயரத்தை அறிவீர்கள். ஏற்றியது தங்குவதற்கு வழியில்லாதபோது உழைப்பு எத்துணையிருந்தும் பயனில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவர்களது வரலாற்றின் பிற்பகுதிக்கு இது தேவைப்படும்.

கடிகாரத்துக்கு வருவோம். அக்காலத்தில் ஐரோப்பியர் செய்த சக்கரக் கடிகாரங்கள் உதுமானிய நாட்டுக்குள் வரத் தொடங்கியிருந்தன. ஆஸ்திரிய அரசர்கள் 1547ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் சுல்தானுக்கு அனுப்பிய திறைப் பொருள்களில் வேலைப்பாடு மிக்க கடிகாரங்களும் இருந்தன. பாஷாக்களின் மாளிகைகளில் அவை அழகுப் பொருள்களாக நின்றன. அலீ பாஷா என்னும் பெருந்தலைவர் தம் நூலகத்தையும் தாம் சேர்த்துவைத்திருந்த கடிகாரங்களையும் தகிய்யுத்தீன் அவர்களுக்குத் திறந்துவிட்டார். மற்றவர்கள் முகப்பை மட்டுமே பார்த்துப் பாராட்டிச் சென்றிருக்க, காஜியவர்கள் உள்ளமைப்பை ஆராய்ந்தார்கள். அதன் விளைவே 1559இல் அவர்கள் இயற்றிய அல்கவாகிபுத் துர்ரிய்யா என்னும் நூல். முஸ்லிம் உலகில் சக்கரக் கடிகாரத்தைப் பற்றி எழுந்த முதல் நூல் அதுவே.

எடை கட்டி ஓட்டுவதும், சுருள்வில் கொண்டு ஓட்டுவதும் ஆகிய இருவகையையும் அந்நூல் விளக்குகிறது. எடைக் கடிகாரத்தில் ஓர் உருளையின்மேல் கயிறு சுற்றப்பட்டிருக்கும். கயிற்றின் நுனியில் தொங்கும் எடை இறங்க இறங்க உருளை சுழன்று சக்கரங்களை ஓட்டும். எடை தரையைத் தொட்டதும் கயிற்றை மறுபடி சுற்றி எடையை மேலேற்ற வேண்டும். அப்போது உருளை எதிர்த்திசையில் சுழலுமே, அதனோடு எல்லாச் சக்கரங்களும் முள்ளும் பின்னோக்கிச் சுழன்றால் என்னாவது? அதற்காகவே உருளைக்கும் முதற்சக்கரத்துக்கும் இடையில் நமது நாக்கு இருக்கிறது. எடை இறங்கும்போது அது சக்கரத்தை உருளையோடு பிணைக்கிறது. எடையை ஏற்றும்போது பற்களின்மேல் தத்தி, உருளையை மட்டும் தனியே சுழலவிடுகிறது. மீண்டும் மீண்டும் திருகி ஓட்டவேண்டிய கடிகாரம் எதுவும் இந்நாக்கின்றி நடவாது. நாக்குக்கும் குறையுண்டு. 24 பற்களுள்ள சக்கரத்தில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 15 பாகை இடைவெளி. நாக்கு பள்ளத்தில் விழுமுன் கையை விட்டால் அவ்வளவு தூரம் பின்னே நழுவும். பற்களைச் சிறிதாக்கினால் நழுவல் குறையும், ஆனால் பல்லின் வலிமையும் குறையும். திருகும் அந்தச் சில நொடிகளில் சக்கரங்களுக்கு விசை கிட்டாமல் கடிகாரம் தயங்கும் என்பது மற்றொரு குறை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாரிசன் என்னும் ஆங்கிலத் தச்சர் இன்னொரு ராட்செட்டையும் சிறு வில்லையும் சேர்த்துத்தான் அதனைத் தீர்த்தார்.

இங்கே ஒரு செய்தியைக் கூறாமல் கடக்க மனம் வரவில்லை. புஸ்பெக் என்னும் ஆஸ்திரியத் தூதர் 1554 முதல் 1562 வரை இஸ்தான்புல்லில் தங்கியிருந்து மடல்கள் எழுதினார். பொது இடங்களில் கடிகாரம் வைத்தால் பாங்கு சொல்வோரின் மதிப்புக் குறைந்துவிடும் என்று துருக்கியர் அஞ்சுவதாக அவர் எழுதிவிட்டுப் போனார். அது முதல் இஸ்லாம் இயந்திரத்துக்குப் பகை என்னும் கூற்றுக்கு அம்மடல் சான்றாகிவிட்டது. அவர் அவ்வூரில் வாழ்ந்த அதே ஆண்டுகளில்தான் அதே அரசின் காஜி ஒருவர் கடிகாரம் செய்யும் முறையை நூலாக எழுதிக்கொண்டிருந்தார் என்பது அவர்க்குத் தெரியவில்லை. குறித்த நேரத்தில் ஓசை எழுப்பித் துயிலெழுப்பும் அமைப்பும் அந்நூலில் உண்டு. ஸஹருக்கும் ஸுப்ஹுக்கும் எழும் மக்களுக்கு அதன் அருமையைச் சொல்ல வேண்டுமா? லுஹரும் அஸரும் நிழலால் அறியப்படுபவை. மஃரிபு சூரிய மறைவால், இஷா செவ்வானம் மறைவதால், ஸுப்ஹு வைகறை வெளுப்பதால். மழைக்காலத்தில் பாலாற்றின்மேல் நாள்கணக்கில் மேகம் கவிந்திருக்கும்போது நிழலேது, செவ்வானமேது? கடிகாரம் பாங்கின் பகைவனன்று. பாங்கு சொல்பவரின் ஊழியன்.

1570இல் அவர்கள் இஸ்தான்புல்லில் நிலையாகக் குடியேறினார்கள். அடுத்த ஆண்டே இரண்டாம் ஸலீம் சுல்தான் அவர்களை அரசவையின் தலைமை வானியலாளராக, முனஜ்ஜிம்பாஷி என்னும் பதவியில் அமர்த்தினார். இப்பதவியை நாம் கவனித்தல் வேண்டும். தொழுகை நேரமும் நாட்காட்டியும் கணிப்பது ஒரு பாதி. கோள்களைப் பார்த்து அரசனுக்கு நல்லது கெட்டது சொல்வது மறுபாதி. முன்னது மார்க்கத்துக்குப் பணி. பின்னதை நம் உலமாக்கள் என்றுமே கடிந்தே வந்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்த அரசவை வழக்கமே பின்னர் வந்த கேட்டுக்கு வித்தாயிற்று என்பது இதனை எழுதுவோனின் கருத்து.

1574இல் மூன்றாம் முராத் அரியணை ஏறினார். பழைய வான அட்டவணைகளில் பிழைகள் மலிந்துவிட்டன, புதிதாக அளந்து திருத்த வேண்டும் என்று தகிய்யுத்தீன் அவர்கள் எடுத்துரைத்தார்கள். சுல்தானின் ஆசானாகிய ஸஅதுத்தீன் அவர்களும், பேரமைச்சர் ஸொகொல்லு முஹம்மத் பாஷாவும் அதற்குத் துணைநின்றனர். தோப்ஹானே என்னும் மேட்டில் வானாய்வுக்கூடம் எழுந்தது. 1577இல் பணி நிறைவுற்றது. பெரும் வளையங்களும் சுவர்க் கோணமானிகளும் நிறுவப்பட்டன; நூலகம் இருந்தது; பதினைந்து பதினாறு பேர் கொண்ட குழு இரவும் பகலும் உழைத்தது. கருவிகளுக்கு நடுவே காஜியவர்களின் தனிச்சிறப்பாய் நின்றது மணி, நிமிடம், நொடி மூன்றையும் காட்டும் கடிகாரம்.

நொடி எதற்கு என்கிறீர்களா? வானம் 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதாகத் தோன்றுகிறது. ஒரு நிமிடத்தில் கால் பாகை. முழுமதியின் அகலம் ஏறத்தாழ அரைப்பாகை. எனவே கடிகாரம் இரண்டு நிமிடம் தவறினால் விண்மீனின் இடம் ஒரு முழுமதியின் அகலத்துக்குத் தவறிவிடும். அக்காலக் கடிகாரங்களோ ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்கூட முன்பின் ஆகக் கூடியவை. பெண்டுலம் வருவதற்கு இன்னும் எண்பது ஆண்டு இருந்தது. டென்மார்க்கில் ஹ்வேன் தீவில் 1576இல் ஆய்வுக்கூடம் அமைத்த டைக்கோ பிராஹே, தம் கடிகாரங்களை நம்ப முடியாமல் சலித்துக்கொண்டார். கடிகாரத்தை வானாய்வின் கருவியாகவே ஆக்கிவிடத் துணிந்தவர்களில் நம் காஜியவர்கள் முன்னோடி.

1577 நவம்பரில் வானில் ஒரு பெரிய வால்வெள்ளி தோன்றியது. ஹ்வேன் தீவிலிருந்து டைக்கோவும் அதனைக் கண்டார், அளந்தார், அது சந்திரனுக்கும் அப்பாலுள்ளது என்று நிறுவினார். இஸ்தான்புல்லில் தகிய்யுத்தீன் அவர்களும் கண்டார்கள். ஆனால் சுல்தான் அவர்களிடம் கேட்டது தூரத்தை அன்று, பலனை. பாரசீகத்தோடு நடக்கவிருந்த போரில் வெற்றி கிட்டும், நற்காலம் வரும் என்று அவர்கள் பலன் எழுதிக் கொடுத்தார்கள். எத்துணைப் பெரிய அறிஞருக்கும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு போலும். போரில் சில வெற்றிகள் கிட்டின என்பது மெய்யே. ஆனால் கொள்ளைநோய் பரவியது. பெரியோர் பலர் மாண்டனர். 1579இல் ஸொகொல்லு பாஷா கத்தியால் குத்துண்டு இறந்தார். ஆதரவுத் தூண் சாய்ந்தது.

எதிரணியினர்க்கு இதனினும் நல்ல வாய்ப்பு வேறில்லை. ஷைகுல் இஸ்லாம் காஜிஸாதா அவர்கள், வானத்தின் மறைபொருளைத் துருவி ஆராய்வது கேட்டைக் கொணரும், அங்ஙனம் ஆராய்ந்த அரசுகள் வீழ்ந்தன என்று சுல்தானுக்கு எழுதினார். இதில் மார்க்கப் பற்றுக்கும் அரண்மனைப் போட்டிக்கும் எவ்வளவு பங்கு என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஸஅதுத்தீன் அணியை வீழ்த்துவதே உள்நோக்கம் என்போரும் உளர். 1580 ஜனவரி 22ஆம் நாள் கடற்படையினர் மேடேறி வந்தனர். கட்டடம் இடிக்கப்பட்டது, கருவிகள் அழிக்கப்பட்டன. முழுமையாக இயங்கியது மூன்றாண்டுகூட இல்லை.

நீங்கள் இவ்விடத்தில் சினம் கொள்ளலாம், யாருக்குத்தான் வராது? ஆயினும் பழியை மார்க்கத்தின்மேல் ஏற்றிவிடாதீர்கள். சோதிடத்தைக் கண்டித்தது சரி. சோதிடத்தோடு சேர்த்துக் கணிதத்தையும் கோணமானியையும் கடிகாரத்தையும் உடைத்ததே பிழை. தொழுகை நேரத்தைத் திருத்தமாகக் கணிக்க முயன்ற கூடத்தை, தொழுகையைப் பேணுவோர் பெயராலேயே இடித்தார்கள். கடிய வேண்டியதைக் கடிந்து, பேண வேண்டியதைப் பேணும் பகுத்தறிவு அன்று அவ்வவையில் இல்லாமற் போயிற்று.

பம்பின் வாஷரை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? ஒரு மனிதரின் ஆற்றலும் ஒரு சுல்தானின் கருவூலமும் சேர்ந்து பெரும் எடையை உயரத் தூக்கின. பிடித்துக்கொள்ளும் நாக்குதான் அமையவில்லை. பேரமைச்சர் மாண்டதும் எடை கீழே வந்துவிட்டது. உதுமானிய அரசு மறுபடி ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவியது 1868இல்தான். இதற்கு மாறாக, 1259இல் தொடங்கிய மராகா ஆய்வுக்கூடத்துக்கு வக்ஃபு வருவாய் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆண்ட மன்னர்கள் மாறியும் அது அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. நம் பக்கத்தில் தோல் வணிகர்கள் செய்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தோலின் விலை ஓராண்டு ஏறும், ஓராண்டு இறங்கும். பாலாற்றங்கரையில் எத்தனையோ கம்பெனிகள் எழுந்தன, மூடின. ஆனால் ஏற்றமான ஆண்டுகளில் கிடைத்ததைத் தனி மனிதர் கையில் விடாமல் கல்விச் சங்கங்களின் பெயரில் கட்டிவைத்தார்கள். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1938இல் மறைந்த நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரால் 1965இல் மேல்விஷாரத்தில் கல்லூரி தோன்றியது; 1969இல் ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம். அன்றைய வேலூர் வட்டாரம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாய்ப் பிரிந்தும் போயிற்று. அவை நின்ற இடத்தில் நிற்கின்றன. தோப்ஹானே மேட்டில் அத்தகைய ஏற்பாடு ஒன்றிருந்தால் வரலாறு எப்படித் திரும்பியிருக்குமோ, அல்லாஹ்வே அறிந்தவன்.

இடிப்புக்குப்பின் தகிய்யுத்தீன் அவர்கள் ஐந்தாண்டு வாழ்ந்தார்கள். 1585இல் இஸ்தான்புல்லிலேயே அவர்கள் மண்ணுலகை நீத்தார்கள். தசம பின்னங்களைக் கோணக் கணக்கில் புகுத்திய அவர்களது அட்டவணைகளும், ஏனைய நூல்களும் கையெழுத்துப் படிகளாய்ப் பல நூலகங்களில் உறங்கின. நீர்ப்பம்பைச் சொல்லும் நூலை டப்ளின் நகரப் படியொன்றைக் கொண்டு அஹ்மத் யூசுஃப் அல்ஹஸன் 1976இல் அலெப்போவில் பதிப்பித்தார். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1966இல், கடிகார நூலை அங்காராவில் ஸெவிம் தெகெலி என்னும் பெண் அறிஞர் மொழிபெயர்ப்போடு வெளியிட்டிருந்தார். கட்டடம் மூன்றாண்டு நிற்கவில்லை. ஏட்டில் எழுதியது நான்கு நூற்றாண்டு நின்று அச்சேறியது.

ஓர் ஓவியமும் எஞ்சியிருக்கிறது. மூன்றாம் முராதின் புகழ்பாடும் ஷாஹின்ஷாநாமா என்னும் நூலில், கூடம் இடிக்கப்பட்ட மறு ஆண்டாகிய 1581இல் தீட்டப்பட்டது; இஸ்தான்புல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. தலைப்பாகை அணிந்த அறிஞர்கள் நெருங்கி நின்று பணியாற்றுகின்றனர். ஒருவர் கோணமானியை உயர்த்திப் பிடித்திருக்கிறார், ஒருவர் எழுதுகிறார், முன்னே பூகோள உருண்டை ஒன்று. நடுவே நீண்ட மேசை. அதன்மேல் கவராயம், அளவுகோல், மணற்குடுவை ஆகியவற்றோடு ஒரு சிறு சக்கரக் கடிகாரம் இருக்கிறது.